எட்டுக் கோப்பைச் சீட்டில் ஒரு பச்சைப் புள்ளி

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற அக்காவை எல்லோரும் 'டாரட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அத்தனை சுத்தம். மதிய இடைவேளையில் மட்டும் சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு, குறி பார்க்கும் படச் சீட்டுகளான டாரட் சீட்டுகளைப் பரப்பிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் பலன் கேட்க வந்து நிற்பார்கள். கடை முதலாளி நான்; எனக்கு இதில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது.

அவரிடம் நான்கு கட்டுகள் இருந்தன. நான்கிலும் ஒரே சீட்டைத்தான் தனக்காக எடுத்துப் பார்ப்பார்: 'கோப்பைகளில் எட்டு' என்கிற சீட்டு. அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவர் கிளம்பிப் போகிற படம். பழைய கட்டில் சிவப்பு அங்கி போட்ட ஆள் கோலூன்றி மலைப்பக்கம் போகிறான், மேலே நிலா. இன்னொன்றில் ஆளே இல்லை; கோப்பைகளும், வாசல்வரை ஈரக் காலடிகளும்தான். மூன்றாவது பூனைக் கட்டு. சுவரைத் தாண்டும் பூனையின் வால் மட்டும் தெரியும்.

"பூனையாவது நின்னு திரும்பிப் பாக்கும்னு நெனச்சேன் தம்பி," என்றார் ஒருநாள்.

"ஒரே சீட்டுக்கு நாலு படம், நாலு அர்த்தமா? நல்ல பொழப்புக்கா!"

"ஒரே வீட்டை விட்டு நாலு பேர் போனா நாலு காரணம் இருக்காதா? இந்த ஆளு சலிச்சுப் போறான். அந்தக் காலடிக்காரி அழுதுட்டே போயிருக்கா. பூனைக்கு வேற எங்கயோ பால் கெடைச்சிருச்சு."

"நாலாவது?"

அதை மட்டும் கையால் மூடிக்கொண்டார். அதில் ஒரு பெண் சின்னப் பெட்டியோடு படியிறங்குகிறாள். கன்னம் லேசாகத் தெரியும், கண் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் மகள் அப்படித்தான் போனாள். "போனா திரும்பி வராத!" என்று இவர் கத்தினாராம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அக்காவின் ஆறாத குறை. மகளின் நம்பர் இருக்கிறது, கூப்பிட மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! "ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா நானே கூப்பிட்டிருப்பேன்" என்பார். எந்த ஓவியராவது அந்த முகத்தைத் திருப்பி வரைந்திருக்கிறாரா என்று தேடித்தான் கட்டு கட்டாக வாங்கினார். எனக்கு எரிச்சல் வரும். கடைப் படியையே பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கும்போது பாவமாகவும் இருக்கும்.

போன மாதம், லென்ஸின் நடுவில் அடையாளம் வைக்கும் பச்சைப் பேனாவோடு மேசையில் குனிந்திருந்தேன். கை நழுவி, அக்கா மறந்து வைத்துப்போன நான்காவது சீட்டில் முனை பட்டுவிட்டது. கன்னத்துக்கு மேலே கடுகளவு புள்ளி. வழவழப்பான சீட்டு, ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும். பஞ்சை எடுப்பதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட, அடியோடு மறந்துபோனேன்.

மறுநாள் அக்கா பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார்.

"தம்பி, இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல பாருங்க! கண்ணு! அவ திரும்பிப் பாக்குறா!"

தினமும் லென்ஸிலிருந்து அதே பச்சைப் புள்ளியைத் துடைக்கிறவர் அவர்தான். அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனமில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை. ஸ்பிரிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஆமாக்கா, கண்ணுதான்," என்றேன்.

அங்கேயே நின்று போன் போட்டார். நான் பிரேம்களைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அக்கா "நான்தான்" என்றார். அப்புறம் வெறும் "ம்", கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வர்றாளாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல." சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "அன்னைக்குத் தெருமுனையில நின்னு ரொம்ப நேரம் திரும்பிப் பாத்துட்டே இருந்தாளாம் தம்பி. நான்தான் கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டேனாம்."