கமாண்டரின் நீர்நாய்

"உஷ், யாரும் மூச்சுகூட விடக் கூடாது" என்று அக்கரை வரை கேட்கும்படி கத்திவிட்டுத்தான் கமாண்டர் தன் கயாக் படகை ஆற்றுத் தீவுகளுக்கு நடுவே திருப்புவார். அந்தச் சத்தத்தில் நாணலுக்குள் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிடும். "பாத்தீங்களா, நம்மள வரவேற்குது" என்பார். பின்னால் வரும் சுற்றுலாப் படகுகள் அத்தனையும் நம்பும்.

கமாண்டர் என்பது படகுக் கொட்டகையில் வைத்த பெயர். எந்தப் படையிலும் இருந்தவரல்ல. ஒரு காக்கித் தொப்பி வாங்கினார், அவ்வளவுதான். பறவைகளில் அவருக்குத் தெரிந்தது கொக்கு, பெரிய கொக்கு, அப்புறம் "வெளிநாட்டுலேர்ந்து வந்தது". பைனாகுலரோடு வந்த யாராவது பெயர் கேட்டால், "பேரா முக்கியம்? அழகப் பாருங்க" என்று ஒரு போடு போடுவார். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, ஆமைக் குஞ்சுகளைப் பற்றி உருகிப் பேச ஒத்திகை நடக்கும். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட முடிவாகியிருக்கும். அது முடியும்வரை மனைவி பல் தேய்க்காமல் வாசலில் நிற்க வேண்டும்.

கடைசிக் கயாக்கில் வருபவள் அவள்தான். கவிழ்ந்தவரைத் தூக்குவது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, நனைந்த லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போடுவது எல்லாம் அவள் தலையில். "இந்த முதுகப் பாத்தே பாதி ஆயுசு போச்சு" என்பாள்.

கமாண்டரின் புகழெல்லாம் ஒரு நீர்நாய் போட்ட பிச்சை. தீவு முனையில் படகை நிறுத்தி, "எனக்கு வாசனை தெரியும், இப்ப வரும்" என்று கண்ணை மூடுவார். மூடியபடியே துடுப்பால் படகின் பக்கத்தில் மெல்ல மூன்று தட்டு. கால்மாட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு டப்பா மீன் இருக்கும். நீர்நாய் வராமல் எங்கே போகும்? இப்போது குட்டிகள் இரண்டையும் கூட்டி வருகிறது. விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று நுழைவாயிலில் இருக்கும் பலகையைத் தினமும் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறவரும் இவரேதான்.

"அதுக்குப் பயம் விட்டுப்போச்சுங்க. இனி யார் தட்டுனாலும் போகும்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். ஆற்று வளைவுக்கு அப்பால், வலையைக் கிழிக்கிறது என்று நீர்நாயைக் கண்டாலே ஈட்டியை எடுக்கிற மீன்காரர்கள் இருந்தார்கள்.

"உனக்கென்ன தெரியும்? அது என் குரலுக்கு வருது" என்றார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, குட்டிகளோடு பாதி தூரம் வந்த நீர்நாய் சட்டென்று நின்று தலையைத் திருப்பியது. வளைவுக்கு அப்பால் யாரோ படகைத் தட்டினார்கள், அதே மூன்று தட்டு. அது அந்தப் பக்கம் நீந்தத் தொடங்கியது.

மனைவி தன் படகைப் படபடவென்று தட்டினாள். கையில் மீன் இல்லாதவளை அது எதற்கு மதிக்கும்? துடுப்பு வலித்து முன்னால் வந்தாள்.

"என்னங்க, அவனுங்கதான். பலமாத் தட்டுங்க. மீன எடுத்துப் போடுங்க, திரும்பிடும்."

எல்லாப் படகும் அவரையே பார்த்தது. கமாண்டரின் குதிகால் டப்பாவை இன்னும் உள்ளே தள்ளியது. நீரின் மேல் மூன்று தலைகள் வளைவை நெருங்கிவிட்டன. அவர் துடுப்பைத் தூக்கினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கிய துடுப்பை அவர் எதிர்க்கரைப் பக்கம் நீட்டி, "எல்லாரும் அங்க பாருங்க, பெரிய கொக்கு" என்றார்.