சட்டை, மீடியம்

தேர்தலுக்குச் சரியாக முப்பது நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை, நோலீன் பாஸ்கோ கட்சியை விட்டு விலகினாள்.

விலகும் வேலை காலை ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. கட்சியின் இணையப் பக்கத்தில் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் கொடுத்து ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும். முப்பத்தேழு வருடம் ஒரு விரல்தட்டில் போய்விடும். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: ‘உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி.’ அதை எழுதியது மனிதர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு முறை வாசித்தாள்.

மிச்சம் இருந்தது பெட்டிதான். வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி. அதில் துவைத்து இஸ்திரி போட்ட, கட்சியின் ஐந்து சிவப்புச் சட்டைகளும், கிளைக் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் சாவியும், நான்கு வருடத்துக்கு முந்தைய தேர்தலில் அவள் வீடு வீடாகப் போட்ட துண்டறிக்கை ஒன்றும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உறை. உறைக்குள் ஒரு பக்கக் கடிதம்.

கடிதத்தில் வசவு எதுவும் இல்லை. மூன்று முறை வசவோடு எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டிருந்தாள். நான்காவது தாளில் ஒரு கேள்விதான் மிஞ்சியது. ‘பூலண்டா மருத்துவமனையில் பிரசவ வார்டு மறுபடி திறக்கும் என்று இந்தத் துண்டறிக்கையில் அச்சடித்தீர்கள். அச்சடித்த அன்றைக்கே அது திறக்காது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்திருந்தால் தெரியும் என்று சொல்லுங்கள். அது போதும்.’ கீழே பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண்.

தேர்தல் அலுவலகம் முன்பு செருப்புக்கடையாக இருந்த இடத்தில் இருந்தது. சுவரில் செருப்பு அடுக்கிய தட்டுகள் அப்படியே இருக்க, அவற்றில் இப்போது துண்டறிக்கைக் கட்டுகள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தன் பெயர் ப்ரான்ட்டி என்றாள். மெல்பர்னிலிருந்து இரண்டு மாதத்துக்கு அனுப்பப்பட்டவள். இரண்டு கைபேசிகள் வைத்திருந்தாள்.

“வாங்கிட்டுப் போகவா, திருப்பிக் குடுக்கவா?”

“திருப்பிக் குடுக்க.”

“சட்டையா? நல்லதாப் போச்சு. நமக்குப் பத்தவே இல்ல. என்ன சைஸ்?”

“மீடியம். மேல ஒரு கடிதம் இருக்கு கண்ணு. வேட்பாளர் கையில போய்ச் சேரணும். எனக்குப் பதில் வேணும்.”

“கண்டிப்பா.” ஒரு கைபேசி அடித்தது. ப்ரான்ட்டி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தடித்த பேனாவால் பெட்டியின் பக்கவாட்டில் ‘சட்டை, மீடியம்’ என்று எழுதி, பின்னால் திரும்பி மேல்தட்டில் ஏற்றினாள். நோலீன் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக் கைபேசியை உள்ளங்கையால் பொத்தினாள். “வேற ஏதாவது?”

“காலையில கட்சிய விட்டுட்டேன்.”

ப்ரான்ட்டி உண்மையான வருத்தத்தோடு முகம் சுருக்கினாள். “அப்படியா. சனிக்கிழமை வீடு வீடாப் போறதுக்கு மட்டும் வர முடியுமா?”

நோலீன் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தபோது பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் ரே மின் நிலையத்தில் கொதிகலன் பார்த்தவன். நோலீன் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தாள். பிரசவ வார்டிலிருந்து வரும் துணி அவளுக்குத் தனியாகத் தெரியும். சின்னச் சின்ன மஞ்சள் போர்வைகள், கைக்குட்டை அளவில். அவற்றை மடிக்கும்போது பெண்கள் யாரும் அவசரப்படமாட்டார்கள். ரே தொழிற்சங்கத்தில் இருந்தான், அதனால் அவள் கட்சியில் சேர்ந்தாள். ரே செத்துப் போனான், மின் நிலையம் மூடியது, அவள் கட்சியில் இருந்தாள். வார்டு மூடியபோதும் இருந்தாள். மூடியது எதிர்க்கட்சியான நீலச் சட்டைக்காரர்களின் ஆட்சியில். திறப்போம் என்றது அவள் கட்சி. ஆட்சிக்கு வந்தது. அடுத்த தேர்தலிலும் திறப்போம் என்றது.

இதில் அவளுடைய பங்கு சின்னது. அங்கே ஓட்டுச்சீட்டில் எல்லாப் பெயர்களுக்கும் விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். தேர்தல் நாளில் தொடக்கப்பள்ளி வாசலில் நின்று, எந்தப் பெயருக்கு எந்த எண் போட வேண்டும் என்று அச்சடித்த அட்டையை நீட்டுவாள். ஜனங்கள் அட்டையை வாங்கியது கட்சிக்காக இல்லை, நீட்டிய கை நோலீனுடையது என்பதால். அது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. போன முறை ரொட்டிக்கடைப் பெண் டாலியா முதல்முதலாக ஓட்டுப் போட வந்து, “யாருக்குப் போட?” என்று கேட்டாள். “எங்களுக்குப் போடு. நீ பிள்ளை பெத்துக்கறதுக்குள்ள வார்டைத் திறந்திருவோம்” என்று சிரித்தபடி அட்டையைக் கொடுத்தாள் நோலீன்.

இந்த வருடம் ஜூலையில் டாலியா நெடுஞ்சாலை ஓரம், லாரிகள் எடை போடும் இடத்தில், காரின் பின்சீட்டில் பெண் குழந்தை பெற்றாள். பெரிய மருத்துவமனைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆகஸ்டில் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், “அதுக்குள்ள திறந்திருக்கும்னு நெனச்சேன். நீங்க சொன்னீங்கல்ல” என்றாள்.

நோலீன் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கே விலகவில்லை. அதற்கு இன்னும் ஒன்று நடக்க வேண்டியிருந்தது. கிளை உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. டாலியாவின் பிரசவத்துக்கு ஓடிவந்த ஆம்புலன்ஸ்காரி டெரீஸ் போட்டியில் நின்றாள். வார்டைப் பற்றி வாய் ஓயாமல் கேட்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலை மெல்பர்னிலிருந்து மின்னஞ்சல் வந்தது: நேரம் குறைவாக இருப்பதால் தலைமையே வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மின்னஞ்சலைப் பார்க்காத இருபத்துமூன்று பேர் மறுநாள் மண்டபத்துக்கு வந்தார்கள். நோலீன் லாமிங்டன் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். ஓட்டுப் போட எதுவும் இல்லாததால் அதைத் தின்றார்கள். “நல்லா வந்திருக்கு” என்றாள் டெரீஸ்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, தேர்தல் நாள். காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் வெங்காயம் வதங்கும் வாசனை. பெற்றோர் சங்கத்தார் ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு விற்க சாசேஜ் சுட ஆரம்பித்திருந்தார்கள். நோலீன் வீட்டில் இருக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கால்கள் தானாக அங்கே வந்து நின்றன, பச்சைக் கம்பளிக் கார்டிகனில்.

நீலச் சட்டை போட்ட லயல் டல்லக் தன் மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தான். முன்பு பால் பண்ணை வைத்திருந்தவன். இருபத்தெட்டு வருடமாக எதிர்ப்பக்கத்தில் நின்று, நோலீனின் பிளாஸ்கிலிருந்தே தேநீர் குடிப்பவன்.

“சட்டை எங்க?”

“திருப்பிக் குடுத்துட்டேன்.”

லயல் நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “அப்போ இன்னிக்கு முழுக்க நான் யாரைப் பாத்துத் திட்டறது?”

“உன் கட்சியத் திட்டு. காரணமா இல்ல?”

“அத வீட்டுல பண்ணிக்கிறேன். வெளிய வந்தா ஒரு மரியாதை வேணும்ல.” அவன் அவளுடைய பிளாஸ்கை வாங்கித் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினான். இதுவரை அப்படிச் செய்ததில்லை. “வார்டா?”

“ஒரு கேள்வி எழுதிக் குடுத்தேன். இன்னும் பதில் வரல.”

“வரும்னு நெனக்கிறியா?”

“நீ மட்டும் ஏன் இன்னும் இருக்கே? நம்ம ஊர் ரயிலை நிறுத்தினது உங்க ஆளுங்கதானே. நீ எப்படிக் கத்தினேன்னு ஊருக்கே தெரியும்.”

லயல் தன் சட்டையின் முன்பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தான். “எங்கப்பா போட்ட கலர். கழட்டினா கீழ என்ன இருக்கும்னு பயமா இருக்கு, நோலீன்.”

ரேயோடு வேலை பார்த்த டஸ்டி முதல் ஆளாக வந்தான். நடக்கும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தான். “அட்டையக் குடு.”

“இல்ல டஸ்டி. இந்தத் தடவ நான் யாருக்கும் குடுக்கல.”

“அப்போ நான் யாருக்குப் போடறது?”

“எனக்குத் தெரியாது.”

“முப்பது வருஷமா தெரிஞ்சுதே.”

டஸ்டி நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, ஏதோ தொலைந்தவன் போல உள்ளே போனான். அன்று காலை இப்படிப் பதினாறு பேர். லயல் எண்ணிக்கொண்டே இருந்தான். சிலர் சிரித்தார்கள், சிலர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். புதிதாக வந்திருந்த சிவப்புச் சட்டைப் பையன்கள் அட்டையை நீட்டியபோது பாதிப் பேர் வாங்காமலே நடந்தார்கள். அது நோலீனுக்கு வலித்தது. அந்த வலி எதற்கு என்று யோசித்தாள், பிடிபடவில்லை.

பதினோரு மணிக்கு டாலியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். “ஏதாவது சொல்றீங்களா?”

“சொல்ல மாட்டேன். போன தடவை சொன்னதே போதும்.”

“சரி. அப்போ நானே படிச்சுப் பாக்கறேன்.” குழந்தையை நோலீன் கையில் கொடுத்துவிட்டு, எல்லாக் கட்சிகளின் அட்டையையும் ஒவ்வொன்றாக வாங்கி, பள்ளிச் சுவர்மேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூழாங்கல் வைத்து, நின்று படித்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. நோலீன் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அது அவள் கார்டிகன் பொத்தானைச் சப்பியது.

தன் ஓட்டைப் போட அவள் மதியம்தான் உள்ளே போனாள். அட்டைத் தடுப்புக்குள் குனிந்து, நூலில் கட்டிய பென்சிலை எடுத்தாள். ஏழு பெயர்கள். கண் பழக்கப்பட்ட கட்சிப் பெயரைத் தேடிப் பிடித்தது, கை அதற்கு நேரே ‘1’ போட்டது. போட்ட பிறகுதான் அவள் பார்த்தாள். வேறு யாரோ அவள் கையால் எழுதிவிட்டுப் போனது போல இருந்தது.

அப்படியே மற்ற எண்களைப் போட்டுப் பெட்டியில் தள்ளியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சீட்டை மடித்து, சீட்டுக் கொடுக்கும் மேசைக்கு எடுத்துப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊரையே அறிந்தவர்.

“தப்பாப் போட்டுட்டேன். வேற சீட்டு வேணும்.”

“நீங்களா, நோலீன்? நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறவங்க.”

“நான்தான்.”

இரண்டாவது சீட்டில் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். முதல் எண்ணை எந்தக் கட்சியிலும் இல்லாத கால்நடை மருத்துவர் ஒருத்திக்குப் போட்டாள், அவளைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாமலே. பழைய கட்சிக்கு நான்கு. அது தண்டனையா தயவா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கட்சி ஜெயித்தது, முன்பைவிடக் குறைந்த ஓட்டில். கால்நடை மருத்துவர் இரண்டாவதாக வந்தாள். நோலீன் தினமும் பதினொன்றரைக்குத் தபால் பெட்டியைப் பார்த்தாள். ஜனவரியில் ஒரு நாள் பேரங்காடியில் லயல் தள்ளுவண்டியை நிறுத்தி, “வந்துச்சா?” என்றான். “இல்ல.” ஈஸ்டரில் மறுபடி கேட்டான். அதற்கப்புறம் கேட்கவில்லை. அது அவன் காட்டிய கருணை. இன்னொரு கடிதம் எழுதலாமே என்று டெரீஸ் சொன்னாள். மறுபடி எழுதினால் கெஞ்சுவதாகிவிடும் என்று நோலீன் நினைத்தாள். படித்துவிட்டுத்தான் பதில் போடாமல் இருக்கிறார்கள், அந்த மௌனம்தான் பதில் என்று மெல்ல மெல்ல மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு சிநேகிதியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது வார்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இப்படி நான்கு வருடம் போனது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த வாரம், கொல்லையில் படுக்கை விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. தெரியாத எண். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

‘வணக்கம் நோலீன். என் பேரு ப்ரான்ட்டி. நாலு வருஷத்துக்கு முன்னாடி செருப்புக்கடையில உங்க பெட்டிய வாங்கினது நான்தான். இந்தத் தடவையும் என்னை இங்கதான் அனுப்பியிருக்காங்க. இன்னிக்குப் பழைய சட்டையெல்லாம் வெளிய போட, கட்சிக் குடோன்ல கிடந்த உங்க பெட்டியத் திறந்தேன். உங்க உறை ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு. நான்தான் சட்டைன்னு எழுதி மேல வெச்சு மறந்தே போயிட்டேன், மன்னிச்சிருங்க. நீங்க கேட்டத இங்க எல்லார்கிட்டயும் கேட்டேன். மெல்பர்னுக்கும் போன் போட்டேன். யாருக்கும் தெரியல, இல்லன்னா சொல்லல. எனக்கும் தெரியாது. இந்த வருஷத் துண்டறிக்கையிலயும் வார்டு இருக்கு. நாலாயிரம் பிரதி, முன்னாடி அடுக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். பள்ளிக்கூட வாசல்ல யாராவது எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லட்டும்?’