சோயாப் பவுடரும் என் தயிர்சாதமும்

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடக் காலேஜிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதை அங்கே சொல்லித் தரமாட்டார்கள்.

முதல் டெஸ்ட்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு சிஸ்டராக இருந்தேன். கோபிப் பக்கத்து ஊரிலிருந்து சுகந்தி என்ற பெண் தன் எட்டு மாதப் பையனோடு வந்தாள். பசும்பால் பவுடர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோயாப் பவுடருக்கு மாற்றியிருந்தார்கள். அதைக் குடித்த கொஞ்ச நாளில் கடும் வாந்தி எடுத்து ஆளே துவண்டுவிட்டான். ஊரில் இன்பெக்‌ஷன் என்று மருந்து கொடுத்தார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்குச் சோயா மேல்தான் சந்தேகம். எங்கள் கண் முன்னால் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஏதாவது தப்பானால் உயிருக்கே ஆபத்து என்பதால், முதல் வாய் கொடுப்பதற்கு முன்பே கையில் டிரிப் லைன் போட்டு வைத்தோம்.

அலர்ஜி என்றால் உடனே தடிப்பு வரும், முகம் வீங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது ஒரு வகை. சோயாப் புரதத்தை எதிர்த்துக் குடல் மட்டும் கிளர்ந்தெழுகிற இன்னொரு வகை உண்டு. அதில் தோல் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும்.

சோயா கொடுத்து ஒரு மணி நேரம் தாண்டியதும் சுகந்தியின் வீட்டுக்காரர் ஊருக்குப் போன் போட்டு, பையனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பல்ஸ், பிரஷர் எல்லாம் பார்த்துக் குறித்துவிட்டு, அதே ரூமில் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தயிர்சாத டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஏதாவது என்றால் கூப்பிடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள்.

நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டேன். வாஷ்பேசினில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தது, மெதுவாக, யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோல.

"என்ன அம்மணி, என்ன அலசற?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. லேசா கக்கிப்போட்டான், துண்டத்தான் அலசறேன். நீங்க சாப்பிடுங்க."

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். பையன் வெளிறிப்போய், கழுத்து நிற்காமல் கிடந்தான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கட்டில் தலைமாட்டு பெல்லை முழங்கையால் அழுத்தினேன். கை கழுவிவிட்டு வந்து பிரஷர் பார்த்தால், இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஓடி வந்து சலைனைச் சிரிஞ்சில் எடுத்துத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். வாந்திக்கு ஊசி போட்டோம். மறுபடியும் சலைன். சுகந்தி ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அழவில்லை.

உதட்டில் நிறம் திரும்பி அவன் வீலென்று கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது. பிறகு கோபம் வந்தது. கன்னாபின்னாவென்று அவளைத் திட்டிவிட்டேன். எத்தனை தடவை வாந்தி எடுத்தான், ஏன் கூப்பிடவில்லை?

"மூணு தடவைங்க. சாப்பிடறவங்கள எப்படிங்க அக்கா எழுப்பறது?"

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். இலையில் கை வைத்தவரை எழுப்பினால் என் அம்மா என் தோலை உரித்திருப்பார். அவள் மரியாதையாகத்தான் இருந்தாள். அந்த மரியாதையில் பிள்ளை போயிருப்பான்.

சோயா அடியோடு நிறுத்தப்பட்டது. புரதத்தை உடைத்துத் தயாரிக்கும் ஸ்பெஷல் பவுடருக்கு மாற்றினோம். டிஸ்சார்ஜ் அன்று சுகந்தியிடம் சொன்னேன், அடுத்த தடவை வரும்போது மரியாதையை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று. அதற்குப் பிறகு டெஸ்டுக்கு வந்த ஒவ்வொரு தாயிடமும், நான் சாப்பிட்டாலும் சாமி கும்பிட்டாலும் கையைப் பிடித்து இழு என்று சொல்லி, ஒரு தடவை இழுக்கவும் வைப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டுதான் இழுப்பார்கள். இழுக்காமல் விடமாட்டேன்.

இரண்டாவது டெஸ்ட்

ஒன்றரை வருடம் கழித்து, பையனுக்குச் சோயா ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மறுபடி வந்தார்கள். அதே ரூம், கையில் அதே மாதிரி டிரிப் லைன். காலையில் கொஞ்சம் சோயாப்பால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்தான் எடுத்தேன். ஸ்கிரீன் விலகியது.

"அக்கா, சாப்பாட்ட மூடுங்க. எந்திரிச்சு வாங்க."

ஓடினேன். பையன் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு குதித்துக்கொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"டாக்டரம்மா சொன்ன நேரம் தாண்டிப்போச்சுங்க. ஒரு தடவகூட கக்கலீங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அறைந்துவிடலாமா என்று இருந்தது. கட்டிக்கொண்டேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாள். டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரையும் உள்ளே விடவில்லை.