ஞானமணி உபதேசியாரின் பதில்கள்

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறைதான் பங்குச் சாமியார் பூசை வைக்க வருவார். மற்ற நாட்களில் கடவுளுக்கும் எங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர் உபதேசியார் ஞானமணி. 1949இல் மணமேல்குடிப் பக்கமிருந்து ஒரு தகரப்பெட்டியும் குடையுமாக வந்து சேர்ந்தவர். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

ஞானோபதேசப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வேலையில் குறை சொல்ல முடியாது. காய்ச்சலோடும் வந்து கோயில் மணி அடிப்பார். ஆனால் புத்தகத்தில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் மனுஷனுக்கு முகம் கறுத்துவிடும். உடனே சொந்தமாக ஒரு பதிலை எடுத்துவிடுவார். நான் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன். என் மனைவி சந்தனம் அப்படியில்லை. ஏவாளுக்குத் தாலி கட்டியது யார் என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செபம் முடியும்வரை கோயில் வாசலில் முழங்காலில் நின்றவள்.

1954இல் அவள் ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். சாகக் கிடக்கிற குழந்தைக்கு, சாமியார் இல்லாத அவசரத்தில் வேறு யாராவது தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஒருநாள் கோயிலில் உபதேசியார் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தனம் எழுந்து, நம் ஊர் மருத்துவச்சி காத்தாயி இந்துவாயிற்றே, அவள் ஊற்றினால் செல்லுமா என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. செல்லாது, அவளை ஊற்றவிட்டால் வீட்டுக்கே பாவம் என்றார். பெற்றவர்களும் ஊற்றக் கூடாதாம்.

பிள்ளை பிறக்கும்போதே நீலம் பாரித்திருந்தது. சந்தனம் மயங்கிக் கிடந்தாள். காத்தாயி எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் பிரசவம் பார்த்தவள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவளுக்கே பாடம். செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, "ஊத்தட்டுமா தம்பி?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை என்றார். சுவருக்கு வெளியே கள்ளிவேலியோரம் கையை நீட்டிக் காட்டினார். இது மோட்சத்துக்குப் போகாது என்பதையும் அங்கேயே, கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னார். குழியை நான்தான் வெட்டினேன்.

அடுத்த மாதம் சாமியார் வந்தார். சந்தனம் உபதேசியாரை வைத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். சாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முறைப்படி ஊற்றினால் இந்து ஊற்றினாலும் செல்லும், வேறு ஆளில்லாத ஆபத்தில் பெற்றவனே ஊற்றலாம் என்றார். எனக்கு உபதேசியாரை அங்கேயே கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருந்தது. தடுத்த கை என்னுடையது என்பதால் சும்மா நின்றேன்.

"அப்ப எம்பிள்ளை இப்ப எங்க இருக்கு சாமி?" என்று சந்தனம் கேட்டாள்.

சாமியார் "எனக்குத் தெரியாதும்மா. அது கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார்.

சந்தனம் அழவில்லை. உபதேசியார் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீங்களும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? காத்தாயி ஊத்தியிருப்பா."