இசட் போட்டு ஒதுக்கியவை

தரவுத்தளத்தில் நாங்கள் மறைத்துவைத்திருந்த ஒரு ஃபீல்டில், அதாவது ஒரு கட்டத்தில், யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரியவந்தது. அன்றைய டைரியில் மழை, கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் என்று எழுதி, அதற்குக் கீழே இதையும் எழுதியிருக்கிறேன்.

ஃபீனிக்ஸ் பே கப்பல் துறைக்கு எதிரே, மாடியில் எங்கள் சிறிய ஒப்பந்த அலுவலகம். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களின் பயணிகள் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். பழைய தரவுத்தளத்தில் எதையும் அழிக்கும் வழக்கம் இல்லை. அழிப்பதற்குக் கடலுக்கு அப்பால், மெயின்லேண்டிலிருந்து அனுமதி வரவேண்டும், வராது. அதனால் எங்களுக்கு முன்பிருந்தவர்கள் வேண்டாத ஃபீல்டின் பெயருக்கு முன்னால் ஓர் இசட் சேர்த்து, பெயர் வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.

அட்டவணைகளைப் படித்து அவற்றுக்கான நிரலைத் தானே எழுதித் தரும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. பெயர்கள் எந்த வடிவில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த ஃபீல்டுகளை விட்டுவிட்டு எழுதும். இசட்டில் தொடங்கும் எதுவும் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவைத்தேன். புதிய நிரலைப் பொறுத்தவரை அந்த ஃபீல்டுகள் பிறக்கவே இல்லை. அட்டவணைக்குள் அவை அப்படியே கிடந்தன.

பக்கத்து மேசையில் வேலை செய்த பெண் கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் வருபவள். பிறந்தது கட்சால் தீவில். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அம்மாவைச் சுனாமி கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அப்பா இப்போது இடுப்பெலும்பு முறிந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். துறையில் ஸ்ட்ரெச்சரும் ஆம்புலன்ஸும் காத்திருக்க வேண்டுமானால், அவர் பெயர் ஸ்ட்ரெச்சர் பட்டியலில் இருக்கவேண்டும். எங்கள் மென்பொருள் அன்றுதான் முதல்முறையாக அந்தப் பட்டியலைத் துறை அலுவலகத்துக்கு அனுப்ப இருந்தது.

பட்டியல் காலியாக இருந்தது.

"அண்ணே, அப்பா கப்பல்ல ஏறவே இல்லையோ?" என்றாள். கப்பல் நடுக்கடலில். அதில் இருக்கும் யாரையும் போனில் பிடிக்க வழியில்லை.

நிரலை ஒதுக்கிவிட்டு அட்டவணையை நேரடியாகத் திறந்தேன். தீவுவாசிகளின் பதிவில் அவருடைய வரியைப் பிடித்து வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனேன். கடைசியில், இசட் போட்டு ஒதுக்கிய ஒரு ஃபீல்டில் 'ஆம்' என்றிருந்தது. அதற்கடுத்த ஃபீல்டில் முந்தைய நாள் தேதி.

'காணாமல்போனவர்' என்பதுதான் அந்த ஃபீல்டின் பெயர். சுனாமிக்குப் பிறகு சேர்த்தது. ஒரே ஒரு லயத்தில், அதாவது ஒரு வரிசைத் தோட்ட வீடுகளில், காணாமல்போனவர்களை ஏற்றியதோடு அந்த வேலை நின்றுபோயிருந்தது. பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று நினைத்திருந்தோம்.

"கடல்ல..." என்றபடி போனை எடுத்தாள்.

கட்சால் டிக்கெட் கவுன்டருக்குப் பலமுறை போட்டு ஒருவழியாக லைன் கிடைத்தது. அங்கிருந்த கிளார்க் ஸ்பீக்கரில் சிரித்தார். "அட, அந்தக் கட்டத்துலதானம்மா எப்பவும் போடுறோம்! ஸ்ட்ரெச்சர் கேஸுக்குத் தனியா ஒரு கட்டம் குடுங்கன்னு மெயின்லேண்டுக்கு எழுதி எழுதிக் கை வலிக்குது. இது சும்மா கிடந்துச்சு. ஆளு போய்ச் சேர்ந்ததும் எடுத்துருவோம். பழைய லிஸ்ட்ல சரியா வந்துச்சே? உங்கப்பா ஏறியாச்சு. தூக்கிட்டுப் போனவன்கிட்டயே பீடி கேட்டாரு."

"சாமி, உசுரே போயிருச்சு எனக்கு!"

"அரே, நான் என்னம்மா பண்ணேன்?"

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள். "அந்த ஒண்ண மட்டும் வெளிய விடுங்கண்ணே. கப்பல் வந்துரும்."

இசட்டில் தொடங்குபவை வேண்டாம், இது ஒன்று தவிர என்று வடிவத்தைத் திருத்தினேன். கருவி நிரலைப் புதிதாக எழுதியது; ஸ்ட்ரெச்சர் பட்டியலை அந்த ஃபீல்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். அப்பாவின் பெயரை மட்டும் தேடினோம், வந்தது. பட்டியல் துறைக்குப் போயிற்று. அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. கப்பல் வந்து கட்டியிருந்தது. துறையின் விளக்குக்குக் கீழே, ஈரத் தரையில், ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அடுத்துக் கேன்டீன் பெஞ்சுகள். எல்லாவற்றின் மேலும் போர்வை. தலைமாட்டில் பெயர் எழுதிய சீட்டு. காற்றில் போர்வைகள் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தன. இறங்கிய பயணிகள் பேச்சைக் குறைத்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

துறை மேற்பார்வையாளர் என்னைப் பார்த்ததும் கத்தினார். "பாய்சாப், ஸ்ட்ரெச்சர் பத்தலன்னு பெஞ்செல்லாம் போட்டுட்டேன். பேரக் கூப்பிட்டா ஒருத்தரும் வரல. கப்பல்ல கேட்டா ஒரே ஒரு ஆளுதான்ங்கிறான். பாக்கிப் பேரெல்லாம் எங்க?"

பட்டியலை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. பழைய மென்பொருள் குறியோடு தேதியையும் பார்த்து, புதிதாகக் குறித்தவர்களை மட்டும் எடுத்திருக்கிறது. தேதியின் ஃபீல்டும் இசட்டில்தான் தொடங்குகிறது. குறியை வெளியே விட்ட நாங்கள் தேதியை உள்ளேயே விட்டிருந்தோம். அதனால் சுனாமிக் காலத்திலிருந்து 'ஆம்' என்றிருந்த எல்லாரும் வந்துவிட்டார்கள்.

முதல் ஸ்ட்ரெச்சரில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவர் தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். "பேரு கூப்பிட்டது கேட்டுச்சு," என்றார். "எல்லாம் நம்ம லயத்து ஆளுகளாச்சே. எப்ப வந்தாங்க?"

மகள் அவர் பக்கத்தில் இல்லை. வரிசையின் கோடியில் ஒரு பெஞ்சின் முன்னால் நின்று, அதன் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சுமை தூக்குபவர் ஒருவர் அந்தப் பெஞ்சை எடுக்கக் குனிந்தார்.

"கப்பல் ஏணிய எடுக்குற வரைக்கும் இருக்கட்டும்," என்றாள்.

மேற்பார்வையாளர் சுமை தூக்குபவரைக் கையசைத்து நிறுத்தினார். ஆம்புலன்ஸில் அப்பாவை ஏற்றினார்கள். கப்பலுக்குள் ஏணியை இழுத்துக்கொண்ட பிறகே அவள் அந்தப் போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலை தேதியையும் வெளியே விட்டேன். பட்டியல் சரியானது. ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வந்தவளிடம், அம்மாவின் பெயருக்கு எதிரே இருக்கும் குறியை எடுக்க அனுமதி கேட்டு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாண்ணே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இசட்டுக்குள்ளயே இருக்கட்டும்."