ஆறு எலிகளும் நொச்சிச் சாறும்

அந்த வருஷம் மாமாவுக்கு ஓரிடத்தில் உட்காரவே மறந்துபோயிற்று. இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் சிதம்பரத்தில் கல்லூரியை மூடி, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் ஊருக்குப் பெட்டி படுக்கையோடு போனார்கள். அம்மாவின் தம்பியான அவரோ ஆறு வெள்ளை எலிகளைக் கூண்டோடு ரயிலேற்றி, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

நொச்சி வீக்கத்தை வற்ற வைக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைச் சோதித்து நிரூபித்தால்தான் மாமாவுக்குப் பட்டம். பட்டம் வந்தால்தான் பெண் என்று சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளை ஊர்ப் பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் நடந்தால்தான் எனக்குப் பட்டுப்பாவாடை. ஆக, என் பாவாடை அந்த எலிகளின் காலில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஊசி போட்டு ஆறுக்கும் ஒரு பின்னங்காலை வீங்க வைத்திருந்தார். இடப்பக்கக் கூண்டில் இருந்த மூன்றுக்கு நொச்சிச் சாறு, வலப்பக்கத்து மூன்றுக்கு வெறும் தண்ணீர். நூலால் காலைச் சுற்றி அளப்பார், வாசலுக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி அளப்பார். கல்லூரி எப்போது திறக்கும் என்று விசாரிக்க ஸ்டேஷனுக்கு ஓடுவார். நான் பின்னாலேயே போய், வற்றிவிட்டதா வற்றிவிட்டதா என்று நச்சரிப்பேன். எலிகள் பகலெல்லாம் தகரத்தைப் பிறாண்டும். நிம்மதியாக இருந்தவர் அப்பா மட்டும்தான். அவர் கடைக்குப் போய்விடுவார்.

முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த அம்மாவை, போகப்போக அந்த வலப்பக்கக் கூண்டு உறுத்தத் தொடங்கியது. பந்தியில் ஒரு இலைக்கு நெய்யும் பக்கத்து இலைக்கு வெறுஞ்சோறும் போடுகிறவர்களை அவள் மனுஷராகவே மதித்ததில்லை.

ஆறு காலும் ஒன்றுபோல வற்றின. நான் குதித்தேன். மாமா அளந்த காலையே திரும்பத் திரும்ப அளந்தார். வெறும் தண்ணீருக்கே குணமாகுமென்றால் நொச்சியால் குணமானது என்று யார் நம்புவார்கள் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பெருமையாகவே சொன்னாள்: "தண்ணி இல்லடா தம்பி. நீ ஸ்டேஷனுக்குப் போறப்பல்லாம் அதுங்களுக்கும் நொச்சியத்தான் ஊத்துனேன். வாயில்லா ஜீவன். மூணுக்கு மருந்து, மூணுக்குப் பச்சத்தண்ணின்னா பாத்துக்கிட்டிருக்கிற எனக்குச் சோறு எறங்குமா?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் விரலில், எலி கடித்த இடத்தில், கந்தல் துணி சுற்றியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லதுதான் பண்ணியிருக்கக்கா" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கெடிலம் ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

கல்லூரி திறந்தது. மாமா புது எலிகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கிள்ளைக்காரர்கள் அதுவரை பொறுக்கவில்லை, பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு தாமதம் ஏன் என்று அம்மா கேட்டதற்கு மாமா, "ப்ரொபசர்தான் இழுத்தடிக்கிறாருக்கா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் லீவுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா அந்த ப்ரொபசரை வாய் வலிக்கத் திட்டித் தீர்ப்பாள். பாவாடை போன ஆத்திரத்தில் நானும் என் பங்குக்குத் திட்டுவேன். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஆறு காலும் குணமான பிறகு அந்த ப்ரொபசருக்கு இன்னும் என்னதான் வேண்டுமாம் என்று எனக்குப் புரியவே இல்லை.