மூணு சக்கர வண்டிக்கு ஒரு முன் டயர்

வண்டியில் மனிதர்கள் கடைசியாகப் பார்ப்பதும், ரோடு முதலில் பார்ப்பதும் டயரைத்தான். வண்டியைப் பளபளவென்று துடைப்போம், பொட்டு வைப்போம், எலுமிச்சம்பழம் கட்டுவோம். ஆனால் உள்ளே இருக்கிற நூல் வெளியே எட்டிப் பார்க்கிற வரைக்கும் குனிந்து டயரைப் பார்க்க மாட்டோம். நீங்களும் அப்படித்தான், நானும் அப்படித்தான். அதனால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் டயர் கடை இருக்கிறது. கழற்றி மாட்டுவது என் வீட்டுக்காரர் ஏழுமலை. எந்த வண்டிக்கு எந்த டயர் என்று சொல்லி விற்பது நான். இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வந்த காரின் முன்சக்கரம்தான் கண்ணில் படும். இத்தனை வருஷத்தில் என்னை அதிகமாகப் படுத்தியதும், அதிகமாகத் துள்ள வைத்ததும் ஒரே ஒரு டயர்தான்.

ஓரத்தில் முடி, நடுவில் மொட்டை

மஞ்சுளாவுக்கு முப்பது வயசு இருக்கும். இரண்டு வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள். ஒரு பழைய பைக்கின் பின்பக்கத்தை அறுத்து, ஒற்றைச் சக்கரத்தை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரம் வைத்து, நடுவில் ஓர் இரும்புப் பெட்டி பொருத்தியிருந்தாள். கியர், பிரேக் எல்லாம் கையாலேயே போடுகிற மாதிரி செய்திருந்தது. பெட்டிக்குள் லேப்டாப், பிரிண்டர், கைரேகை மிஷின், ஒரு பேட்டரி. மேல்சித்தாமூர் பக்கத்தில் அவள் ஊர். அங்கிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் ஊர் ஊராகப் போய், வெளியே நடமாட முடியாதவர்களுக்கு ரேஷன் கார்டு, பென்ஷன் வேலைகளை வாசலிலேயே முடித்துக் கொடுப்பாள்.

அவள் முதன்முதலில் வந்தபோது, சாதாரணமாக முன்சக்கரத்துக்குப் போடுகிற, நீளமாகக் கோடு கோடாக இருக்கும் டயரையே கொடுத்தேன். ஒன்றரை வருஷத்துக்குக் கவலை இல்லை என்றும் சொல்லி அனுப்பினேன். பத்தே வாரத்தில் திரும்பி வந்தாள். குனிந்து பார்த்தேன். புது டயரில் ஓரமாக முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட உதிரவில்லை. ஆனால் நட்ட நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சவரம் செய்தது மாதிரி மொட்டை. பதினோரு வருஷத்தில் நான் அப்படி ஒரு தேய்மானத்தைப் பார்த்ததே இல்லை. அவள் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டாள்:

"அக்கா, நீங்க எனக்கு வித்தது டயரா, பென்சில் அழிக்கிற ரப்பரா?"

ஆளுக்கொரு வைத்தியம்

டயர் கடையில் ஒரு பிரச்சினை வந்துவிட்டால் போதும், ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஒருவர் காற்றைக் குறை என்றார். இன்னொருவர் காற்றை ஏற்று என்றார். ஆட்டோ டயர் போடச் சொன்னவர், ரிம் சைஸைக் காட்டியதும் டீ குடிக்கப் போய்விட்டார். பழைய டயருக்கே மேல் ரப்பர் ஒட்டிப் போடலாம் என்று ஒரு குரல் வந்தது. எதிர்க் கடைக்கு டீ குடிக்க வரும் கோவிந்தசாமி அண்ணன் ரிட்டயர்டு பஸ் டிரைவர். அவர்தான், முன்சக்கரத்தில் ஒட்டுப்போட்ட டயரை நினைத்துக்கூடப் பார்க்காதே என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விலை கூடினது நல்லது என்று நம்பி, ரோட்டை நன்றாகப் பிடிக்கிற மெத்தென்ற டயராகப் பார்த்து மாட்டிவிட்டேன். மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் கரையும் என்பது எனக்கே தெரியும். அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அது எட்டாவது வாரம் மேல்மலையனூர் போகிற வழியில் வெடித்தது. வண்டி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மஞ்சுளாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிரிண்டர் கண்ணாடி தூள்.

அவள் அண்ணன் சேகர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் கடையில் இறக்கினான். கோபத்தைவிடப் பயம்தான் அவன் முகத்தில் அதிகமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு டயர், அதுவும் போனால் வண்டியை விற்றுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை வைத்து உட்கார வைத்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"கடையில உக்காந்தா வர முடிஞ்சவங்க வருவாங்க. வர முடியாதவங்களுக்குத்தானே அக்கா நான் வண்டியே எடுத்தேன்?"

சாயாத வண்டி

மறுநாள் காலை, கையிருப்பில் இருந்த பழைய டயர் ஒன்றை மாட்டச் சொல்லி, அந்த வண்டியை நானே ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஏழுமலை வேண்டாம் என்றார். நான் கேட்கிற ஜாதி இல்லை.

கோட்டைப் பக்கம் போகிற ரோட்டில் விட்டேன். நேராகப் போகிற வரைக்கும் சுகமாகப் போனது. திருப்பம் வந்தது. பைக்கில் என்ன செய்வோம்? உடம்பைக் கொஞ்சம் சாய்ப்போம், வண்டியும் சாயும், திரும்பிவிடும். நானும் சாய்ந்தேன். வண்டி சாயவில்லை. பின்னால் இரண்டு சக்கரம் இருக்கும்போது அது எப்படிச் சாயும்? நான் ஒரு பக்கம் சாய்ந்து தொங்க, வண்டி ராஜா மாதிரி நிமிர்ந்து நேராகப் போய் வேலிமுள்ளுக்குள் நுழைந்து நின்றது. புடவை கிழிந்தது, கையெல்லாம் கீறல். ஆனால் எனக்குள்ளே ஒரு விளக்கு எரிந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன்?

பைக் டயரை உருண்டையாகச் செய்வதே சாய்வதற்காகத்தான். நேராகப் போகும்போது நடு தேயும், சாயும்போது ஓரம் தேயும், மொத்தமும் பங்கு போட்டுக்கொண்டு உழைக்கும். இந்த வண்டியோ பிறந்ததிலிருந்து சாய்ந்ததே இல்லை. எல்லாப் பாரமும், எல்லாத் திருப்பமும், எல்லா பிரேக்கும் அந்த இரண்டு விரல் அகல நடுப்பட்டையின் தலையில்தான். இதற்கு மெத்தென்ற டயரும் வேண்டாம், விலை கூடின டயரும் வேண்டாம். முதுகு தட்டையான டயர் வேண்டும். பாரத்தை அகலமாக வாங்கிக்கொள்கிற டயர் வேண்டும். முள்ளுக்குள் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே ஓடி வந்த ஏழுமலை மூச்சு வாங்க நின்று சொன்னார்:

"முள்ளுல போய் சொருவிக்கினு எவளாவது இப்டி சிரிப்பாளா?"

பின்னால் காட்டுகிற அம்பு

கடைக்கு வந்ததும் இருந்த டயர்களை எல்லாம் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் குறுக்கே ஒரு மர ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். உருண்டையான டயரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் ஊஞ்சல் ஆடியது. ஏழாவது டயரில் ஸ்கேல் அசையாமல் உட்கார்ந்தது. பால் கேனும் நெல் மூட்டையும் கட்டுகிற பைக்குகளுக்குப் பின்சக்கரத்தில் போடுகிற, கெட்டி ரப்பர் டயர் அது. பின்சக்கர டயர் முன்சக்கரத்துக்கு! எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

பயம் பாதி இருந்ததால் டயர் கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த இன்ஜினீயர் பொறுமையாக ரிம் அகலம், வண்டிப் பாரம் எல்லாம் கேட்டார். அந்த ரிம்முக்கு இந்த சைஸ் சேரும், வண்டி சாயாததால் போடலாம், இதைப் பார்த்துவிட்டு யாரும் இரண்டு சக்கர வண்டியில் போட்டுவிடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: டயர் பக்கவாட்டில் ஓர் அம்பு இருக்கும், அது பின்சக்கரத்துக்குப் போட்ட அம்பு, முன்னால் மாட்டும்போது திருப்பி மாட்டுங்கள். பின்சக்கரத்தை இன்ஜின் தள்ளுகிறது, முன்சக்கரத்தை பிரேக் இழுக்கிறது, இரண்டு விசையும் எதிரெதிர் என்று விளக்கினார்.

ஏழுமலை ஒப்புக்கொள்ளவில்லை. அம்பு காட்டுகிற திசையில் மாட்டுவதுதான் அவருக்கு இந்தத் தொழிலின் வேதம். மத்தியானம் அவரே அந்த இன்ஜினீயரிடம் பேசிவிட்டு ஜாக்கியை எடுத்தார். டயர் ஏறியது. சுற்றிவிட்டால் மட்கார்டில் உரசியது. வாஷர் கொடுத்து மட்கார்டைத் தூக்கினார். அப்போதும் உரசியது. இன்னும் இரண்டு வாஷர். ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியபோது கைதட்டலாம் போல இருந்தது. பஞ்சருக்காகக் காத்திருந்த ஒருவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"அம்பு பின்னாடி காட்டுதே, இந்த வண்டி ரிவர்ஸ்லதான் போவுமா?"

நேராக நின்றது

கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈர ரோட்டில் மெத்து ரப்பர் மாதிரி பிடிக்காது. இதை மறைத்து விற்றால் டயர் நிற்கும், என் தூக்கம் நிற்காது. அதனால் கடைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தரையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, முதலில் கையிருப்பிலிருந்த பழைய டயரிலும், பிறகு இந்த டயரிலும் மஞ்சுளாவை ஓட்டி வந்து பிரேக் போடச் சொன்னோம். கோவிந்தசாமி அண்ணன் சாக்பீஸோடு நின்று கோடு போட்டார். பழைய டயர் நின்ற இடத்தைவிட இது ஒரு முழம் தள்ளி நின்றது. ஆறு தடவை பார்த்தோம், ஆறு தடவையும் ஏறக்குறைய அதே ஒரு முழம். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். மழையில் வேகத்தைக் குறை, முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விடு, ஹேண்டில் கொஞ்சம் கனமாகத் திரும்பும், தோள் வலிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். தோள் வலி தனக்குப் பழகினதுதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மூன்றாவது வாரம் அமாவாசை. மேல்மலையனூர் ரோடு அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பெஷல் பஸ், வேன், அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக நடக்கிறவர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவருக்குப் பென்ஷன் கைரேகை வைக்க அன்றுதான் கடைசி நாள், அதனால் மஞ்சுளா அந்த வழியாகப் போயே ஆக வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நான் கடையில் நின்றபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் டயர் கேட்டாலும் காதில் விழவில்லை. பதினொன்றரைக்கு மஞ்சுளாவிடமிருந்து போன் வந்தது. அவளுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவளுக்கு முன்னால் போன வேன் திடீரென்று நின்றிருக்கிறது, ஈர ரோட்டில் இவள் பிரேக் போட்டிருக்கிறாள். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"அக்கா, இழுக்கல. கோடு கிழிச்சா மாதிரி நேரா நின்னுது."

தீக்குச்சி

அந்த முதல் வருஷம் மட்டும், மாதம் பிறந்தால் மஞ்சுளா கடைக்கு வருவாள். டயர் பள்ளத்துக்குள் ஒரு தீக்குச்சியை நட்டு, ஆழம் வரைக்கும் நகத்தால் கீறி, தேதி எழுதின காகிதத்தில் மடித்து வைப்பேன். முதல் மாதக் குச்சிக்கும் இரண்டாம் மாதக் குச்சிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. நான் இல்லாத நேரத்தில் ஏழுமலையும் தனியாக ஒரு குச்சி வைத்து அளந்து பார்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. மூன்றாம் மாதம் முடிந்த அன்று, முந்தைய டயர்கள் எல்லாம் உயிரை விட்ட கெடு தாண்டிவிட்டது என்று தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். தேய்மானம் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே சீராக இருந்தது. அதைத் தடவிப் பார்க்கிற சுகத்துக்காகவே இரண்டு தடவை அளந்தேன்.

பதினோராம் மாதம் தங்கையின் வண்டியை சேகர் தனியாக ஓட்டி வந்தான். வண்டி முன்னால் குந்தி, டயரைச் சுற்றிலும் தடவினான். இன்னும் பாதிக்கு மேல் பள்ளம் இருந்தது. தன் கூட்டாளி ஒருவனும் இதே மாதிரி மூணு சக்கர வண்டி வைத்திருக்கிறான், அவனுக்கும் இதே டயரை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டான். அப்போ வண்டியை விற்கிற எண்ணம் என்ன ஆச்சு என்று நான் சும்மா கிளறினேன். அவன் எழுந்து, கையில் ஒட்டின கரியைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"வண்டிய விக்கிற பேச்ச நான் எப்பக்கா எடுத்தேன்?"

அதற்கப்புறம் மூணு சக்கர வண்டிகள் எங்கெங்கிருந்தோ எங்கள் கடையைத் தேடி வருகின்றன; ஆனால் டயர் தொழிலில் ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால், நமக்கு ரொம்பப் பிடித்துப்போன ஆளை அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கடையில் பார்க்க முடியும்.